எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு

எங்கள் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் எது வந்தாலும் கீழே ஒரு கும்பிடு விழும். இரண்டு கை கூப்பிய அந்த மஞ்சள் படம். கால்வாய் அடைத்துக்கொண்டது என்றால் கும்பிடு. வீட்டு வரி கட்டச் சொன்னால் கும்பிடு. யாராவது செத்துப்போனாலும் கும்பிடுதான். படித்தார்களா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பேரூராட்சியிலிருந்து வந்த செய்திக்குப் பதில் போடாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் எந்த ஊர் என்று மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் நாற்பது கும்பிடு வரும்.

அறிவிப்புகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். குழாய் பழுது, நாளை தண்ணீர் வராது என்று போடுவார்கள். தேதி இருக்காது. அதை ஒருவர் மறுநாள் பகிர்வார், இன்னொருவர் அதற்கும் மறுநாள். எந்த நாளை என்று தெரியாமல் மூன்று நாளும் இருக்கிற குடத்தையெல்லாம் நிரப்பி வைப்போம். மூன்று நாளும் தண்ணீர் ஜோராக வரும். நாலாவது நாள், எல்லாரும் மறந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, நின்றுவிடும். கேட்டால், அதான் குரூப்பில் போட்டோமே என்பார்கள்.

எனக்கு எதிர் வீட்டு அக்காவிடம் இந்தக் குரூப்பெல்லாம் கிடையாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். படிக்கவும் தெரியாது. ட்ரான்ஸ்பார்மருக்கு எதிரே, வீட்டு வாசலில் ஒரு மேஜை போட்டு இட்லி விற்கிறார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மேஜைதான் அவருக்குச் சோறு. காலை ஷிப்ட் போகிறவர்களும் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் அங்கேதான் நாஷ்டா. ஒடிசாப் பையன்கள் முதல் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் வரை நின்றுகொண்டே சாப்பிட்டுப் போவார்கள். நான் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே அந்த மேஜைக்குத்தான். தட்டை நீட்டிக்கொண்டே அக்கா கேட்பார், "இன்னா போட்டுக்கிறாங்க?" அன்றைய அறிவிப்பை நான் படித்துச் சொல்ல வேண்டும். பல மாதமாய் இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அக்காவுக்குப் பேரூராட்சி என்றால் நான்தான்.

ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இரவு முழுக்க கம்பெனியில் லென்ஸ் வைத்து உதிரிபாகங்களைச் சோதித்துச் சோதித்துக் கண் எரிந்தது. போன் டிங் என்றது. பேரூராட்சி அறிவிப்பு, அரை முழ நீளம். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்ற முதல் வரியைப் பார்த்தேன். கும்பிடு போட்டேன். தூங்கிவிட்டேன். இறங்கியதும் அக்கா வழக்கம்போலக் கேட்டார். ஒண்ணும் இல்லக்கா, தண்ணி வருமாம் என்றேன். தண்ணீரைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு லாரி வந்தது. அறை அளவுக்கு ஒரு இரும்புக் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து அக்காவின் மேஜையை ஒட்டி இறக்கியது. வார்டு முழுக்க வீடு வீடாக எடுக்கிற குப்பையை பேட்டரி வண்டிகள் அங்கே கொண்டுவந்து கொட்டின. முதல் நாள் நாய்கள் வந்தன. இரண்டாம் நாள் ஈ. மூன்றாம் நாள் மீன் கழிவு நாற்றம். ஒடிசாப் பையன்கள் தட்டைக் கையில் வாங்கி, மூக்கைச் சுளித்து, பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் காலை ஏழு மணிக்கு அக்காவிடம் இட்லி மிஞ்ச ஆரம்பித்தது. முன்பெல்லாம் அந்நேரத்துக்குப் பானை கழுவிக் கவிழ்த்திருப்பார்.

"ஆபீஸ்காரங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போய்க் கேட்டிருப்பேனே. சொல்லவே இல்லியேம்மா" என்றார் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் போய்க் குரூப்பைத் திறந்தேன். காலை வணக்கம் ரோஜாப்பூ, ராசி பலன், புடவை தள்ளுபடி, மறுபடி ரோஜாப்பூ. எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் போனால் அடியில் கிடந்தது அந்த அறிவிப்பு. தற்காலிகக் குப்பை சேகரிப்பு இடம், மின்மாற்றி எதிரில். ஆட்சேபனை இருப்பின் இன்று மாலை ஐந்து மணிக்குள் இக்குழுவில் தெரிவிக்கவும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. முதல் கும்பிடு என்னுடையது.

அக்காவிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வெட்கம். வெட்கத்தை மறைக்க ஒரே வழி கத்துவதுதான் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. யாரைக் கேட்டு வைத்தார்கள், விடக்கூடாது, மனு கொடுப்போம் என்று தெருவே கேட்கக் கத்தினேன். மனுவை நானே எழுதி, அக்காவின் பெருவிரலை ஒற்றி, கையோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

குப்பைப் பிரிவில் இருந்த அலுவலர் கோபக்காரர் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். மனுவைப் பொறுமையாகப் படித்தார். பீரோவைத் திறந்து ஒரு பைலை எடுத்தார். குரூப்பை அப்படியே பிரிண்ட் எடுத்து, முத்திரை வைத்து, அதில் கோத்திருந்தார்.

"ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு போட்டோம். ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் நன்றி சொல்லியிருக்காங்க, பாருங்க" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். எழுத்து தெரியாது, படம் தெரியுமே. என் வாட்ஸ்அப் படம் என் மகள் பள்ளி விழாவில் முருகன் வேஷம் போட்டது. அந்த அட்டை வேலுக்கு ஜிகினா ஒட்டிக் கொடுத்ததே அக்காதான்.

"இது நம்ம பாப்பா இல்ல?" என்றார்.

அலுவலர் மேலே இருந்த எண்ணைப் பார்த்தார், மனுவில் நான் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். நீங்கதான்மா முதல் ஆளு என்றார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தெருமுனையில் இறங்கியதும் கேட்டார். "எனுக்குத்தான் படிக்கத் தெரியாது. உனுக்கு இன்னாம்மா கேடு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் குரூப்பில் எழுதினேன். குப்பைத் தொட்டியை ட்ரான்ஸ்பார்மர் எதிரிலிருந்து எடுக்க வேண்டும், எனக்குக் கடுமையான ஆட்சேபனை இருக்கிறது, உங்களுக்கும் இருந்தால் இங்கேயே எழுதுங்கள் என்று. ஒருவராவது ஒரு வரி எழுதுவார்கள் என்று பார்த்தேன். கும்பிடு. கும்பிடு. கும்பிடு. சாயங்காலத்துக்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது. கவுன்சிலர் வீட்டிலிருந்துகூட ஒன்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைத் தூக்கி அந்தத் தொட்டியிலேயே எறிந்திருப்பேன், மாதத் தவணை பாக்கி இருந்ததால் பிழைத்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, அக்காவைக் கூப்பிடாமல் நானே அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலருடைய பைலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

"அன்னிக்குக் கும்புட்டது சம்மதம்னா, நேத்துக் கும்புட்டது இன்னா சார்?"

அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே ஆட்கள், அதே கும்பிடு. மேலதிகாரியிடம் வைக்கிறேன் என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலோ என்னவோ, ஒரு காலையில் அதே லாரி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், மூடிக்கிடக்கும் வேறொரு கம்பெனியின் மதிலோரம் வைத்தது. இடம் மாற்றப்பட்டது என்று குரூப்பில் அறிவிப்பு வந்தது. கீழே கும்பிடுகள் கொட்டின. நான் போடவில்லை.

ஒடிசாப் பையன்கள் திரும்பி வந்தார்கள். சூப்பர்வைசரும் வந்தார். நானும் பழையபடி பஸ்ஸை விட்டு இறங்கி மேஜைக்குப் போகிறேன். அக்கா தட்டை நீட்டுகிறார், இன்னா போட்டுக்கிறாங்க என்று கேட்கிறார். இப்போது கனிவான கவனத்திலிருந்து செயல் அலுவலர் கையொப்பம் வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். அக்கா கேட்டுக்கொள்கிறார். தலையாட்டுகிறார். அப்புறம் என் கையிலிருந்து போனை வாங்கி, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாரிடமாவது கொடுத்து, நீ ஒருவாட்டி படிப்பா என்கிறார். அந்த ஆள் படித்து முடிக்கும்வரை நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அக்கா அடுத்த ஈடு இட்லியை எடுக்கத் திரும்புகிறார்.