திறக்கப்படாத கல்யாணப் பத்திரிகை

2023 ஆகஸ்ட் 21, திங்கள், காலை 9.40. மேகமூட்டம், மழையில்லை, புழுக்கம்தான். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் வாடிப்பட்டியிலிருந்து போன் செய்தார்.

"அண்ணே, கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். சங்கத்துல முப்பத்தாறு பேருக்கும் மெயில்ல பத்திரிகை அனுப்பிட்டேன். ஒருத்தர்கூட வாரேன்னு சொல்லல. நேர்ல வந்து வைக்கலேன்னு கோவமா?"

காலில் மாவுக்கட்டோடு அவர் வீடு வீடாகப் போக முடியாது. மனைவி இல்லை, ஒரே மகள். தன் பக்கத்துப் பந்தி காலியாகக் கிடந்தால் மகளைச் சம்பந்தி வீட்டில் யார் மதிப்பார்கள் என்று கேட்டார்.

நானும் அதைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஓய்வூதியர் சங்கப் பொருளாளர் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தார்: கல்யாணப் பத்திரிகை என்று வரும் மெயிலைத் திறந்தால் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டரை அழித்துவிடும். கல்யாண வேலையில் அதைப் பார்க்காமலே இவர் சனிக்கிழமை பத்திரிகையை அனுப்பியிருந்தார்.

எச்சரிக்கையை மறுபடி படித்தேன். தேதி இல்லை. எச்சரித்தது யார் என்றும் இல்லை. ஆச்சரியக்குறி மட்டும் பதினொன்று. ஒரு வரியை நகலெடுத்து இணையத்தில் தேடினேன். பல வருஷமாகச் சுற்றும் புரளி. முன்பு பிறந்தநாள் வாழ்த்து, இப்போது கல்யாணப் பத்திரிகை. ஆனாலும் நிஜ மோசடியும் உண்டே. நண்பரிடமே கேட்டேன். "நான் அனுப்புனதுதான்ணே. ஒரே ஒரு படம்" என்றார். திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கண்டதையெல்லாம் எழுதி, ஆதாரங்களை இணைத்து முப்பத்தாறு பேருக்கும் அனுப்பினேன். மறுநாள் வரை பதிலில்லை. பொருளாளருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க பேர்லயும் ஒண்ணு வந்துச்சு. தொடாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"அது நான் அனுப்பினதுய்யா."

"தெரிஞ்சவங்க பேர்லதான்ணே வருமாம்."

அதற்குமேல் மெயிலை நம்பிப் பயனில்லை. புதன்கிழமை பத்திரிகையை அச்செடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஆட்டோ பேசி, நண்பரைக் காலை நீட்டி உட்காரவைத்தோம். முதலில் சமயநல்லூரில் பொருளாளர் வீடு. ஆட்டோவைப் பார்த்ததும் தெருவுக்கே வந்துவிட்டார்.

"இறங்காதீங்க மாப்ள. இந்தக் காலோட எதுக்கு அலையுறீங்க? ஒரு போன் போட்டா வரமாட்டேனா?"

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல். பொருளாளர் இரு கைகளாலும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

இரண்டு நாள் சுற்றினோம். கல்யாணத்தன்று எங்கள் ஆட்கள் முப்பத்தொரு பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி நண்பரிடம் வந்து, "இம்புட்டுப் பேரா உங்களோட வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். நண்பர் செலவைக் கேட்டார், நான் சொல்லவில்லை. அச்சுக்கு 540, பஸ்ஸுக்கு 120, ஆட்டோவுக்கு 2,900. ஆக 3,560 ரூபாய்.