நெடுந்தீவில் நான் குடித்த மூன்று பட்டைத் தண்ணீர்

சாட்சிக்காரரின் தமிழை நீதிபதிக்கு இங்கிலீசில் பெயர்த்துச் சொல்கிறவரைக் கோட்டு முதலியார் என்பார்கள். அதுதான் என் உத்தியோகம். எங்கள் நீதிபதி ஐயா வடமராட்சிக்காரர். என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். ஆனாலும் வழக்கேடு இங்கிலீசில் இருந்தபடியால் என் பிழைப்பு நடந்தது. அந்தப் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போடப் பார்த்த நாள் ஒன்று உண்டு.

நெடுந்தீவுப் பொன்னம்மா, கந்தையாவின் காணிக்குள்ளால் கிணற்றுக்குப் போய்வந்தவர். கந்தையா கல்மதில் கட்டி அந்தப் பாதையை மறித்துவிட்டார். "அது உவர்க்கிணறு, மாடும் வாய் வைக்காது, பாதை எதுக்கு?" என்பது அவருடைய வாதம். பொன்னம்மாவுக்கு அடுத்த கிணறு ஒன்றரை மைல் தூரம். அவர் வழக்குப் போட, ஐயா இடத்தை நேரில் பார்க்கப் புறப்பட்டார்.

இரண்டு பகுதியும் ஒரே மோட்டார் படகில்தான் போக வேண்டியிருந்தது. ஐயா ஒருவரோடும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகின் ஆட்டத்தில் குடல் புரண்டு நான் வழி முழுக்கச் சத்தி எடுத்தேன். கிணற்றடியில் பொன்னம்மா ஓலைப்பட்டையில் தண்ணீர் அள்ளி நீட்டியதும், யோசியாமல் வாங்கி மூன்று தரம் குடித்தேன்.

கந்தையாவுக்காக வழக்குப் பேச வந்த பிரக்கிராசியார் துள்ளி எழும்பினார். "ஐயா, முதலியார் எதிர்ப்பகுதியின்ர கையால வாங்கிக் குடிச்சிட்டார். இனி இவரை நம்ப ஏலாது!"

பொன்னம்மாவின் முகம் செத்துப்போயிற்று. என் தாகத்தால் அந்த மனுசியின் வழக்கே கெடப்போகிறதே என்று எனக்குக் கூசியது.

"ஓம், முதலியார் செய்தது பிழை. அவர் குடிச்சதை நான் கணக்கெடுக்க மாட்டன்," என்றார் ஐயா. "பிரக்கிராசியார், நீர் உம்மட கட்சிக்காரரின்ர கையால ஒரு வாய் குடிச்சுப் பாரும்."

கந்தையா வேண்டாவெறுப்பாக அள்ளிக் கொடுத்தார். பிரக்கிராசியாரும் வெயிலில் காய்ந்தவர்தானே. ஒரு வாய் என்றவர் பட்டையைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, தன்னை மறந்து மறுபடியும் கையை நீட்டினார். கூடி நின்ற சனம் சிரித்தது. கந்தையாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மதிலைப் பிரிச்சு விடுறன் ஐயா," என்றார்.

திரும்பும்போது ஐயாவின் உதடு வெடித்திருந்ததைக் கண்டேன். காலையிலிருந்து அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

"ஐயாவுக்குத் தாகமில்லையோ?"

"ஏன் இல்லை? ஆரிட்டை வாங்கிக் குடிக்கிறது?"

வெட்கமாயிருந்தது. அதற்குப் பிறகு இடம் பார்க்கப் போன நாளெல்லாம் என் பையில் இரண்டு போத்தல் தண்ணீர் இருக்கும். ஒன்று எனக்கு, மற்றது ஐயாவுக்கு.