அலவாங்கோடு வீடு பார்த்தவர்

நாகேஸ்வரி வீடு பார்க்கவில்லை, யுத்தத்தில் யாரோ புதைத்த தங்கத்தைத் தேடித் திரிகிறார் என்று வவுனியாவில் ஒரு கதை. கதைக்குச் சாட்சியும் இருந்தது. எந்த வீடு பார்க்கப் போனாலும் அவர் கையில் நிலம் தோண்டுகிற ஓர் இரும்பு அலவாங்கு. இத்தனை பேர் பொய் சொல்லமாட்டார்கள். ஆகவே அந்த அலவாங்கின் பின்னாலேயே கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்பதுதான் நியாயம்.

முள்ளியவளைப் பக்கத்து வயலை விற்ற காசு கையில் இருந்தது. கணவர் வீரகத்திக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வாடகையில் காசு கரைவதற்குள் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும்.

தரகர் கதிர்காமநாதன் முதலில் காட்டியதே நல்ல வீடு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். விலை வயல் காசுக்குள் அடங்கியது. நாகேஸ்வரி அறைகளை எட்டியும் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிய வளவின் மூலைக்குப் போய் அலவாங்கை ஓங்கிக் குத்தினார். இழுத்தபோது நுனியில் ஈரச் சேறு.

"இது வேண்டாம் தம்பி."

"ஏனக்கா? கிணத்தைப் பாருங்கோ, தண்ணி மேலையே நிக்குது."

"அதுதான் வேண்டாம் எண்டுறன்."

"சனம் தண்ணி இல்லையெண்டுதான் காணியைத் தட்டிக் கழிக்கும். நீங்கள் தங்கம் நனைஞ்சுபோம் எண்டு பயப்பிடுறியளோ?"

மாமர நிழலில் குந்தியிருந்த வீரகத்தி தலையை நிமிர்த்தினார். "நீர் உம்மடை கொமிசனைப் பாரும். நிலத்தை அவ பார்ப்பா."

வீரகத்திக்குக் காரணம் தெரியும். கடைசி யுத்தத்தில் கடற்கரையோரம் அவர்கள் பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஊறியது. மகள் தேனுகாவுக்குக் காய்ச்சல். ஈரத்தில் பிள்ளையை வைத்திருக்கக்கூடாதென்று, சத்தம் ஓய்ந்த நேரம் பார்த்துத் நாகேஸ்வரிதான் அவளை மேலே ஏற்றிவிட்டார். அடுத்த ஷெல்லுக்கு அந்த ஓய்வு தெரியாது.

இப்போது நாட்டில் சமாதானம். பத்திரிகைகளும் அப்படித்தான் சொல்கின்றன. காணி வாங்குகிறவர்கள் றோட்டைக் கேட்கிறார்கள், கரண்டைக் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தைக் கேட்கிறார்கள். நாகேஸ்வரி கேட்டது ஒன்றுதான்: வெட்டினால் ஊறாத நிலம்.

அது பூவரசங்குளத்துக்கும் அங்காலே ஒரு சரளைக் கிரவல் மேட்டில், சின்ன வீடொன்றோடு கிடைத்தது. அலவாங்கு குத்தினால் பொறி பறந்தது. குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும்.

கதிர்காமநாதனுக்கே பொறுக்கவில்லை. "அக்கா, ஐயாவின்ரை வருத்தத்துக்கு இது தூரம் கூடிப்போச்சு."

நாகேஸ்வரி கணவரைப் பார்த்தார். வீரகத்தி அலவாங்கைப் பார்த்தபடி கேட்டார்.

"உமக்கு இஞ்சை நித்திரை வருமோ?"

"வரும்."

"அப்ப உறுதி எழுதுவம்."

நித்திரை வந்தது. மாரிக்கு நடுவில் மலசலகூடத்துக்கு வெட்டிய குழியின் அடியில் ஒரு சொட்டு ஊறவில்லை. நாகேஸ்வரி குனிந்து குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் கண்ட சந்தோசம் அந்தக் குழியைப் பார்த்து வந்ததுதான் என்று வீரகத்தி பிறகு பகிடியாகச் சொன்னார்.

அந்த மாரி முடியவில்லை. ஒரு காலை வீரகத்திக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வளவுச் செந்தூரன் ஓட்டோவை எடுத்தான். பாலத்துக்கு மேலால் வெள்ளம். சுற்றுப்பாதையில் திருப்பிப் போகையில், மனைவியின் தோளில் சாய்ந்திருந்தவரின் பாரம் கூடியது. செந்தூரன் கண்ணாடியில் பார்த்தான். ஓட்டோவை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் நாகேஸ்வரி செந்தூரனிடம் காசோடு போனார்.

"அண்டைய ஓட்டக் காசு, தம்பி."

"போய்ச் சேராத ஓட்டத்துக்கு நான் காசு வாங்கிறேல்லை அக்கா."

"திருப்பிக் கொண்டுவந்து விட்டனீதானே."

"அதுக்கு நான் என்ன விலை சொல்லுறது?"

விசாரித்த வரையில் தங்கம் இல்லை. அலவாங்கு குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது. செந்தூரனுக்குக் கொடுக்க வேண்டிய காசு தேயிலைப் பேணிக்கு அடியில் இருக்கிறது. ஓட்டோச் சத்தம் கேட்டால் நாகேஸ்வரி காசை எடுத்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடி வருவார். அவன் இப்போது மற்றப் பாதையால் போகிறான்.