புகை வராத வீடு

கூரையில் சூரியத் தகடு போடுங்கள், பூமி சூடாகிறது என்று டி.வி.யில் இப்போது ஓயாமல் சொல்கிறார்கள். சொல்லட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் சூரியனை என்னவோ நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி அவர்கள் பேசும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எண்பதுகளின் தொடக்கத்திலேயே, புதுச்சேரியில் மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில், வெயிலில் சோறாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டவள் நான். பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. என் மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன்.

எனக்கு இழுப்பு. கல்யாணம் ஆகி வந்தபோது இல்லை. இரண்டாவது பெண் பிறந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்புதான். அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, பாட்டிலை மெதுவாக உருவிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். தூளில் கொஞ்சம் ஈரம் இருந்துவிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன். சமையற்கட்டு முழுக்கப் புகை மண்டும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றாலும் பாதி நாள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேஸ் அடுப்புக்கு எழுதிவைத்தால் பேத்தி காலத்துக்குத்தான் வரும் என்று தெருவில் கேலி பேசுவோம்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருநாள் சீட்டு எழுதிக்கொண்டே, "பொகையில உக்காந்து சமைச்சியானா எந்த மருந்தும் கேக்காதும்மா. ரெண்டு பொண்ண வச்சிருக்க, பாத்துக்க" என்றார். வீட்டுக்கு வந்து அதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர் அவர். தறிச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்பதால் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அடுத்த வாரமோ என்னவோ, சைக்கிள் கேரியரில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னாங்க இது, ஊருக்குப் போறீங்களா?" என்றேன்.

"அடுப்பு."

"நெருப்பு எங்க?"

அவர் மேலே கையைக் காட்டினார்.

அரசாங்கப் பொருட்காட்சியில் சலுகையில் கொடுத்தார்களாம். உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியின் உட்புறம் முகம் பார்க்கிற மாதிரி பெரிய கண்ணாடி. வெயிலை அந்தக் கண்ணாடி வாங்கிப் பெட்டிக்குள் அனுப்பும். கறுப்பு பூசிய நான்கு டப்பாக்கள் கூடவே வந்தன. காலையில் அரிசி, பருப்பு, காய் என்று வைத்துவிட்டு, வெயில் நகர நகரப் பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் மதியம் மில் சங்கு ஊதும்போது எல்லாம் வெந்திருக்கும்.

முதல் நாள் நான் நம்பவே இல்லை. மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. அந்தச் சோற்றுக்கு ஒரு வாசனை உண்டு. புகை படாத, அடிப்பிடிக்காத, அரிசியின் சொந்த வாசனை. இன்றைக்கு எத்தனை குக்கர் வைத்தாலும் அது வரமாட்டேன் என்கிறது. தாளிக்க மட்டும் முடியாது. "தாளிக்காத கொழம்பு எனக்கு வேணாம்" என்று பெரியவள் தட்டைத் தள்ளுவாள். ஐப்பசி மழையில் பெட்டி பரணுக்குப் போய்விடும். அந்த நாட்களில் வீட்டுக்காரரே தோட்டத்துப் பக்கம் அடுப்பை மூட்டி, எதையாவது கருக்கி இறக்குவார். ஆனாலும் அந்த வருஷம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. இழுப்பு இல்லாமல் மூச்சு விடுவது எத்தனை சுகம் என்பது இழுத்தவளுக்குத்தான் தெரியும்.

ஒட்டிய வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரரும் அதே மில்தான், நூற்புப் பிரிவு. எங்கள் இரண்டு மாடிகளுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். வீராம்பட்டினத்து மீன்காரி கூடையில் கொண்டுவரும் கருவாட்டை வாங்கி, அக்கா தன் மாடியில் காயவைத்துக் காக்கை விரட்டிக்கொண்டிருப்பாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள், என்னைவிட வாய் பெரியவள். இப்போது அவள் இல்லை. இருந்திருந்தால் இதை நான் எழுதவிடாமல், "அடிப்போடி, உனக்கு வேற வேலையில்ல" என்று சொல்லியிருப்பாள்.

பெட்டி வந்ததுமே அவளுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. என் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில் அவள் வீட்டு முற்றத்தில் விழுந்தது. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் நைட் ஷிஃப்ட் முடித்த அவள் வீட்டுக்காரர் படுத்திருப்பார். ஒவ்வொரு முறை நான் பெட்டியைத் திருப்பும்போதும் வெளிச்சம் குதித்து அவர் முகத்துக்குப் போய்விடும்.

"ஏண்டி, நீ சோறாக்கறதுக்கு எம் புருசன் கண்ணு அவியணுமா?" என்று கீழேயிருந்து கத்துவாள்.

"சூரியனப் போயி கேளுக்கா" என்பேன் நான்.

சண்டை என்றாலும் அது வாய்ச்சண்டைதான். சாயந்திரம் அவளே கொஞ்சம் கருவாடு கொண்டுவந்து சுவரின்மேல் வைத்துவிட்டுப் போவாள். பேச்சு நிஜமாகவே நின்றுபோனது வேறொரு விஷயத்தில்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மில்லில் அடிக்கடி ஸ்டிரைக் வரும், கதவடைப்பு வரும். அப்போது பெண்கள் ஒருவர் வீட்டுப் புகைக்கூண்டை ஒருவர் பார்ப்பார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஆச்சு என்றுதான் பதில் வரும். ஆனால் காலையில் ஒரு வீட்டில் புகை எழும்பவில்லை என்றால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி முந்தானைக்குள் தூக்குவாளியை மறைத்துக்கொண்டு அந்த வீட்டுத் தோட்டத்துக் கதவைத் தட்டுவாள். கஞ்சியோ கூழோ, எது இருந்ததோ அது.

பெட்டி வந்த பிறகு, மழை நாள் போக, எங்கள் வீட்டில் புகையே கிடையாது. அந்த வருஷம் ஒரு சின்ன ஸ்டிரைக் வந்தபோது அக்கா தூக்குவாளியோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். பெட்டி இருப்பது தெரியும். ஆனாலும் பழக்கம், புகை வராத வீட்டைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் வாங்கித் தின்னாதவள். அப்பா போன பிறகு சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அங்கே போட்ட ஒவ்வொரு கவளத்தையும் சொல்லிக் காட்டிக்கொண்டே போடுவார்கள். கல்யாணம் ஆனதும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இனி செத்தாலும் அடுத்த வீட்டுச் சோறு என் வீட்டுக்குள் வரக்கூடாது, என் பெண்கள் அந்தப் பேச்சைக் கேட்கக்கூடாது. அதனால் வாசலில் தூக்குவாளியைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்க வீட்ல பொக வராதுன்னு தெரியாதா உனக்கு? நாங்க நல்லாத்தான் திங்கறோம். இனிமே இந்தக் கஞ்சிய எடுத்துக்கிட்டு எங்க வாசப்படி ஏறாத" என்றேன். தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அக்கா தூக்குவாளியோடு திரும்பிப் போனாள். அன்றிலிருந்து சண்டையும் இல்லை, கருவாடும் இல்லை.

அடுத்த தை மாதம் மில்லை மூடியவன் திறக்கவே இல்லை. மாதங்கள் ஓடின. காலையில் சங்கு ஊதாததால் தெருவே நேரம் தெரியாமல் கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் கூலி வேலை தேடி விடியும்போதே போய்விடுவார். சில நாள் கிடைக்கும், பல நாள் வெறுங்கையோடு வருவார். முதலில் ரேடியோ போயிற்று, பிறகு பித்தளை அண்டா. வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை, சித்திரை மாதம் கொளுத்தித் தள்ளியது. பெட்டிக்குள் வைக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.

தெருவில் மற்ற வீடுகளில் புகை நின்றால் தூக்குவாளி போயிற்று. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? புகை வராத வீட்டில் இன்றைக்குப் புகை வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? அதுவும் நான் அன்று கத்திய கத்தலுக்குப் பிறகு. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. காலையில் டப்பாக்களில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடியைத் திறந்து நிறுத்திவிட்டு இறங்கிவிடுவேன். மாடியில் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தால் வீட்டில் சமையல் நடக்கிறது என்று அர்த்தம். மதியம் அந்த வெந்நீரில் உப்புப் போட்டு, எங்கேயாவது பறித்த முருங்கைக் கீரையைக் கிள்ளிப் போட்டுப் பெண்களுக்குக் கொடுப்பேன். சின்னவள் குடித்துவிட்டு, "சோறு எப்பம்மா வேவும்?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் டப்பாவை எடுக்கப் போனேன். தூக்கும்போதே கனத்தது. திறந்தால் சோறு. அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைந்து, மேலே ஒரு துண்டுக் கருவாடு. அடுத்த டப்பாவிலும் அதேதான். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். பக்கத்து மாடியில் காயவைத்த கருவாடு மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

திருப்பிக் கொட்டிவிட்டு வர வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அது என் பெட்டியில், என் வெயிலில் வெந்த சோறு. எங்கே கொண்டுபோய் யார் வாசலில் வைப்பது? அதற்குள் வாசனை பிடித்துப் பெண்கள் இருவரும் படியேறி வந்துவிட்டார்கள். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சுடுகிற தரையில் உட்கார்ந்து அழுதேன். மிச்சத்தை நானும் சாப்பிட்டேன், வீட்டுக்காரருக்கும் எடுத்துவைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா மாடியில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத்தான் போனேன்.

"உப்பு கம்மிக்கா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா, நாளைக்கு நீயே போட்டுக்க" என்றாள்.

"எப்படித் தெரிஞ்சிது உனக்கு?"

"உங் கண்ணாடி வெளிச்சம் எங்க முத்தத்துல எந்நேரம் எங்க விழும்னு எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளா நீ பெட்டியத் திருப்பவே இல்ல. திருப்பாமயே சோறு வேவுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பாகூர்ப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து வந்த அரிசியில் ஒரு முறம் எடுத்துவந்து சுவரின்மேல் வைத்தாள். "எங்க வீட்ல வெறகு தீந்துபோச்சு. எங்களுக்கும் சேத்து ஒம் பெட்டியில ஆக்கு. அரிசி என்னுது, வெயிலு உன்னுது. யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல, சரியா?"

அவள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் விறகு அடுக்கியிருந்ததை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பார்த்தேன் என்று சொல்லவில்லை. முறத்தை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுச் சமையலும் மாடியில்தான். பெட்டியை அவளும் திருப்புவாள், நானும் திருப்புவேன். காத்திருக்கும் நேரத்தில் நிழல் விழுகிற மூலையில் உட்கார்ந்து, தெருவில் ஒருத்தியையும் விடாமல் வம்பு பேசுவோம். பசியும் கவலையும் இருந்த காலம் அது. ஆனாலும் அந்த மாடிக்கு இன்னொரு தரம் போகக் கிடைக்குமா என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அக்கா வீட்டுப் புகைக்கூண்டு சும்மா கிடந்ததைத் தெரு பார்க்காமல் விடுமா? என் வீட்டில் புகை வராதது எல்லோருக்கும் பழகிவிட்டது. அக்கா வீட்டில் நின்றதும் கோடிவீட்டுப் பெண் தூக்குவாளியோடு வந்துவிட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் அதே மில். நான் மாடியிலிருந்து முற்றத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் மாடியில் ஆக்குகிறோம், வேண்டாம் என்று அக்கா சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றாள்.

தூக்குவாளியோடு அவள் மாடி ஏறி வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நம்மகிட்ட அரிசி இருக்கறப்ப எதுக்குக்கா வாங்குன? உனக்கு ரோசமே கெடையாதா?"

அக்கா கோபப்படவில்லை. சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அவ புள்ளைங்களுக்கு இருந்ததுல கொஞ்சத்தத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. வேணான்னு மொகத்துல அடிச்சா, நாளைக்கு அவ வீட்ல பொக நின்னா நான் எந்த மூஞ்சியோட போவேன்? வாங்குனாத்தானடி குடுக்கப் போவ முடியும்?"

அவள் ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். கேழ்வரகுக் கூழ், கொஞ்சம் புளித்திருந்தது. கூழில் விறகுப் புகை வாசனை இருந்தது. நான் நின்றுகொண்டே குடித்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்து டம்ளருக்குள்ளேயே விழுந்தது. அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காக்கை விரட்டினாள்.

குடித்து முடித்ததும் டம்ளரை அவளிடம் நீட்டினேன். "இன்னுங் கொஞ்சம் ஊத்துக்கா" என்றேன். யாரிடமும் சோறு கேட்டு அதுவரை நான் கை நீட்டியதில்லை.