உட்கார முடியாத கல்

தேவியின் கை முறிந்ததற்கு நான்தான் காரணம். கல் பதித்த மேஸ்திரி அல்ல... நான்!

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் அம்மா மல்லிகாவிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நாளைக் காலை என் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க நீங்கள் வரமாட்டீர்கள் என்பதாலா?

நான் கட்டட வடிவமைப்பாளர். மயிலாப்பூரில் இருக்கிறேன். ராயப்பேட்டைப் பக்கம், மெட்ரோ நிலையத்தின் தலைக்கு மேலேயே எழுந்து நிற்கும் அந்த அலுவலகக் கோபுரங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கோபுரங்களை வரைந்தவர்கள் வேறு. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அலுவலகங்களுக்கு ஏறிப்போகும் அந்த நிலத்தடி மண்டபம்... அதை வரைந்தவள் நான்.

எப்படிச் சொல்வேன் அதை! தரைக்கு அடியில் அத்தனை ஆழம். மேலே, கோபுரங்களுக்கு நடுவே, கண்ணாடிக் கூரை. நண்பகலில் வெயில் ஒரு தூணைப்போல் நேராக இறங்கித் தரையில் ஊன்றி நிற்கும். ரயிலுக்கு முன்னால் அதன் காற்று வரும். புடவைத் தலைப்புகள் எல்லாம் ஒரே திசையில் பறக்கும். பிறகு ஜனங்கள் நகரும் படிக்கட்டில் வெளிச்சத்துக்குள் ஏறி வருவார்கள். அத்தனை முகங்களும் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கும். காகிதத்தில் நான் இழுத்த கோடுகளா இவை என்று எனக்கே உடம்பு சிலிர்க்கும்!

முதல் வரைபடத்தில் சுவரோரம் நீளமாகக் கல் இருக்கைகள் போட்டிருந்தேன். "உட்கார இடம் கொடுத்தா படுத்துடுவாங்க மேடம். எடுத்துடுங்க" என்றார் உரிமையாளர் தரப்பில் ஒருவர்.

எடுத்திருக்கலாம். ஆனால் கல் இல்லாமல் சுவர் மொட்டையாக நின்றது. என் மண்டபத்தின் அழகு குறைந்தது! நான் சொன்னேன்: "கல் இருக்கட்டும். கொஞ்சம் முன்பக்கமா சாய்ச்சு, வழவழன்னு தேய்ச்சுடலாம். பார்க்க அழகா இருக்கும். யாரும் உட்கார முடியாது."

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மூளையில் உதித்தது அது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது... ஆம், பெருமையாகத்தான் இருந்தது.

மல்லிகா எங்கள் வீட்டில் வேலை செய்பவர். அடையாற்றங்கரையில் குடிசை இருந்தவரை நடந்தே வருவார். அரசாங்கம் அங்கிருந்து அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே வீடு கொடுத்த பிறகு பஸ் மாறி வருகிறார். அவர் மகள் தேவி நிறைமாதமாக இருந்தாள். இருவரும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போன அன்று, நான்தான் அழைத்தேன்: "திரும்பும்போது நான் கட்டின இடத்தைப் பார்த்துட்டுப் போங்க." யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று அத்தனை ஆசை எனக்கு!

வந்தார்கள். படிக்கட்டு எங்களைக் கீழே இறக்கும்போதே மல்லிகா வாய் பிளந்துவிட்டார்.

"இன்னாம்மா இது... பூமிக்குள்ள வெயில் அடிக்குது!"

"நல்லா இருக்கா?"

"நல்லாவா? கோயில் கணக்கா கீது! இத்த நீயா கட்டுன?"

நான் அவருக்குக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் தெரிந்தது: தேவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போகிறாள். கல்லைத் தடவிப் பார்க்கிறாள். திரும்புகிறாள். உட்காரப் போகிறாள்...

அங்கே உட்காராதே என்று கத்தியிருக்கலாமே! கத்தினால் ஏன் என்று மல்லிகா கேட்பார். சொன்னால் அவர் முகத்தில் இருக்கும் அந்தப் பிரமிப்பு போய்விடும். அதற்காகத் தயங்கினேன். வேறு நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று எனக்குள் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

தேவி வழுக்கினாள். வயிறு அடிபடாமல் இருக்கக் கையை ஊன்றினாள். அந்தச் சத்தம்...!

ஆட்டோ பிடித்து அதே மருத்துவமனைக்கு ஓடினோம். எலும்பு முறிந்திருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதும் மல்லிகா என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அந்தக் கல்ல ஏன் அப்டி சாச்சு வெச்சிகீறாங்கோ? மேஸ்திரி தப்பா வெச்சுட்டானா?"

"ஆமா. மேஸ்திரி தப்பா வெச்சுட்டார்."

எவ்வளவு சுலபமாக வந்தது! நான் வரைந்த சாய்வை இம்மியும் பிசகாமல் பதித்துக் கொடுத்த மனிதர் அவர்.

"பாத்தியா! நீ இவ்ளோ அழகா கட்டுனத்த கெடுத்துட்டான் பாவி!" என்று மல்லிகா கோபப்பட்டார். எனக்காக!

தேவிக்குப் பெண் பிறந்தாள். மணிக்கட்டு மட்டும் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையால் அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடிவதில்லை.

கல்லை மாற்றச் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. சொன்னால் கல்லையே பெயர்த்து எடுத்துவிடுவார்கள். சுவர் மொட்டையாகிவிடும்... என்ன பிறவி நான்!

போன வாரம் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு மண்டபத்தைக் காட்ட வேண்டுமாம். நண்பகல். மல்லிகா குழந்தையை வெயிலில் உயர்த்திப் பிடித்தார். கீழே ரயில் வந்தது. காற்று வந்தது. குழந்தை அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு மேலே பார்த்தது. அந்தச் சின்ன முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்த விதம்... அடடா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்திலேயே நின்றிருந்த தேவியின் கை அப்போது என் நினைவில் இல்லை. என் மண்டபம் மட்டுமே இருந்தது.

அவ்வழியே போன ஒரு பெண்ணை மல்லிகா நிறுத்தினார். "நான் வேல செய்ற வூட்டு அம்மா கட்டுனது இது!"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா! ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள்.

நான் நன்றி சொன்னேன்.