பெல்ட்டடியில் தூங்கி நின்றவன்

அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த வுட்டவன் நான். நிலக்கரிச் சுரங்கத்துல, நல்லா படிச்ச இன்ஜினியருங்களே, "உன் கேங்க பத்தி மட்டும் கவலயில்ல மேஸ்திரி"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. காரணம் என் மூக்கு. ஷிஃப்டு ஏறும்போது ஒவ்வொருத்தனும் என் மூஞ்சிக்கு நேரா ஊதணும். சாராய வாடை வந்தா திரும்பி வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். மண்ணு போற பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும். அடியில கொட்டுற சேத்த வாரணும். சட்ட முனை மாட்டினாலும் ஆள இழுத்துக்கும்.

எழுபதுகளோட கடைசியில, மந்தாரக்குப்பத்துல வாடகைக்கு இருந்த ஒருத்தன் எங்கிட்ட கான்ட்ராக்ட்டுல இருந்தான். பர்மனென்ட் லிஸ்ட்டுல அடுத்த பேரு அவனுதுதான்னு எல்லாரும் சொன்னாங்க. திடீர்னு ஆளு மந்தமாயிட்டான். நின்னுக்கினே தூங்குவான், கை நடுங்கும்.

"என்னா மாப்ள, ராத்திரியெல்லாம் பொண்டாட்டி பாத்திரம் தேய்க்க வுட்டாளா?"ன்னு பயலுங்க கேலி பண்ணுவானுங்க. நான் ரெண்டு தடவ ஊதச் சொன்னேன். வாடையே இல்ல. வாடை இல்லன்னா வேலைக்கு லாயக்குதான்னு பெல்ட்டடிக்கு அனுப்புனேன்.

ஒருநாள் கண்ணு சொருகி, அவன் மண்வெட்டிய ரோலர்ல வுட்டுட்டான். புடி சுத்தியடிச்சதுல பக்கத்தாளுக்கு ரெண்டு பல்லு போச்சு. மடிய அவுத்துப் பாத்தா மாத்திர. புத்தி கலங்கிப்போனதுக்கு பெரியாஸ்பத்திரியில குடுத்ததாம்.

"மிஷின்கிட்ட போவாதன்னு டாக்டரு சொன்னாருண்ணே. வெளிய தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு தள்ளிடுவாங்க. லிஸ்ட்டு வர்ற வரைக்கும் வுட்டுடுங்க."

"பெல்ட்டு லிஸ்ட்டுக்காகக் காத்திருக்காது. கேன்டீன் பக்கம் குப்ப கூட்டுற வேலைக்குப் போறியா?"

"அங்க போனவன் எவன்ணே பர்மனென்ட் ஆனான்?"

"அப்ப மாத்திரையா, பெல்ட்டா? நீயே சொல்லு."

மாத்திரய சேத்துல போட்டு மிதிச்சான். கொஞ்ச நாள்ல ரெண்டாளு வேல ஒத்தாளா செஞ்சான். டாக்டரால ஆவாதத நான் ஒரு வார்த்தையில செஞ்சேன்னு டீக்கடையில சொல்லிக்கினு இருந்தேன். பொறவு அவனுக்குத் தூக்கமே போயிடுச்சு. பெல்ட்டு என்னக் கூப்புடுதுன்னான். ஒரு காலம்பற, மேல கொழந்த அழுவுதுன்னு தடுப்புக் கம்பிய தாண்டி ஏறிட்டான். நான்தான் ஓரத்துல ஓடுற அவசரக் கயித்த இழுத்து பெல்ட்ட நிறுத்துனேன். மயிரப் புடிச்சுக் கீழ இறக்கி, அதே கையோட கேட்டுக்கு வெளிய கொண்டுபோய் வுட்டேன்.

பொண்டாட்டிக்காரி என் குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து நின்னா.

"மாத்திர தின்னா வேல இல்லன்னீங்க. இப்ப மாத்திரயும் இல்ல, வேலையும் இல்ல. வூட்டுல கட்டிப் போட்டுருக்கேன்ணே."

"மாத்திரய திரும்பக் குடு. அத நிறுத்தக் கூடாது. வேல கேட்டு மட்டும் வராத."

"நிறுத்தச் சொன்னது யாரு?"

நான் கதவ சாத்திக்கினேன். அவன இன்னொரு தடவ பெல்ட்டுகிட்ட வுட்டிருந்தா, மூட்டையிலதான் அள்ளிக் குடுத்திருக்கணும். இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன்.

லிஸ்ட்டு வந்துச்சு. அதுல அவன் எடத்துல பேரு வந்தவன் கேங்குக்கே பூந்தி வாங்கிக் குடுத்தான். ஒருத்தனும் வேணாங்கல.