மாசி செத்த இதழ்

முதலில் இடது காதைத்தான் பார்ப்பார் காத்தமுத்து. கதைக்குள் போவது அப்புறம். சித்திரக்கதை நாயகன் கேப்டன் ஆதனின் இடது காது மடல் பன்னிரண்டாம் இதழில் அறுந்துபோனது. படம் வரைகிறவர் மறந்துபோய் முழுக்காதாக வரைந்துவிட்டால் அன்றைக்கே ஆசிரியருக்கு ஒரு கார்டு பறக்கும்.

மாதம் ஒன்று வரும் அந்தச் சித்திரக்கதையை 1972இல் முதல் இதழிலிருந்தே வாங்குகிறார். காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருக்குத் தையல் கடை. வாடிக்கைக்காரர்களின் அளவு எழுதும் நோட்டில் ஆதனுக்கும் ஒரு பக்கம் உண்டு. எந்த இதழில் என்ன காயம், படகு எப்போது மாறியது, எந்த எதிரி எந்தத் தீவில் கிடக்கிறான், எல்லாம் அதில் இருக்கும்.

“ஏன் டெய்லரே, எங் கால்சட்டை அளவ ரெண்டு தடவ எடுத்துட்டீங்க. அந்தாளு காது மட்டும் நெனப்புல நிக்குதா?” என்று சீண்டுவார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ பஞ்சநாதன்.

“நீங்க மாசத்துக்கு மாசம் எளைக்கிறீங்க சொல்தாய்யா. அறுந்த காது மொளைக்குமா?”

மனைவி அமுதத்துக்குப் படிக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அவர் வாசிக்கக் கேட்பாள். 1974 ஜூலையில் வந்த முப்பத்தோராம் இதழில், படகுச் சமையற்காரன் மாசி செத்தான். படகு மூழ்கும்போது இருந்த ஒரே மிதவையை ஆதனிடம் தள்ளிவிட்டு, அடுப்பை அணைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். காத்தமுத்து தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமுதம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அன்று அரைநாள் கடை இல்லை. அந்த அரைநாளைக் கல்யாணத்து நாளைப் போல இருவரும் பின்னால் பலமுறை பேசியிருக்கிறார்கள்.

1985 ஆகஸ்டு இதழில் அறுந்த காது சரியாகவே இருந்தது. கடைசி நான்கு பக்கங்களில் மாசி சிரித்துக்கொண்டே மீன் வறுத்தான். எப்படிப் பிழைத்தான் என்று ஒரு வரி இல்லை. காத்தமுத்து போட்ட கார்டுக்கு ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: ‘வாசகர்கள் கேட்டார்கள், கொண்டுவந்தோம். முப்பத்தோராம் இதழை மறந்துவிடுங்கள்.’

அந்த மாதம் அவர் அமுதத்துக்கு வாசிக்கவேயில்லை. படத்தில் மாசியை அவளே கண்டுகொண்டாள்.

“வேண்டியவன் உசுரோட வந்துருக்கான். எழவு வூடு மாரி உக்காந்துருக்கீங்களே!” என்றாள்.

“எனக்கு மட்டும் ஆச இல்லியா? பதினோரு வருசமா ஒவ்வொரு பொஸ்தகத்தையும் பிரிக்கிறப்ப, வந்துருவானோன்னு ஒரு தடவ நெனச்சுக்குவேன். ஆனா இவன் வந்துட்டா, அன்னைக்கி அடுப்ப அணைச்சுட்டு உக்காந்தானே, அவன் யாரு அமுதம்? நாம அழுதது யாருக்கு?”

அவள் கையில் காஜா நின்றது.

“அப்ப இனிமே வாங்க மாட்டீங்களா?”

அந்தப் புத்தகம் வராத ஒரு மாதத்தை நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

மெஷினில் இருந்த ஊசியைக் கழற்றிவிட்டுத் தடித்த ஊசியை மாட்டினார். கடைசி நான்கு பக்கங்களைப் பின்னட்டையோடு சேர்த்துப் பிடித்து, ஓரத்தோடு ஓரமாக, மேலும் கீழும் பக்கவாட்டிலும் தைத்து மூடினார். நேர்த்தியான தையல், கல்யாணச் சட்டைக்கு வைப்பது போல.

அமுதம் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். புத்தகத்தை முதல் பக்கத்தில் விரித்து அவர் மடியில் வைத்தாள்.